இரண்டு ரோடு பைக், ரூ. 1,32,000: ஈசிஆர் போகிற ஜோடிகளே, உஷார்

சென்னையில் "இம்போர்டட் செகண்ட் ஹேண்ட் ரோடு பைக்" என்று ரீல்ஸ் போட்டு விற்கிற கடைகளில் ஒன்றில் நானும் என் கணவரும் ரூ. 1,32,000 கொடுத்து இரண்டு சைக்கிள் வாங்கினோம். ஒன்று ஃபிரேம் உடைந்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தது. இன்னொன்று என் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாத சைஸ், மேலே வேறு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியது. இன்று காலையிலிருந்து எங்கள் இரண்டு பேர் நம்பரும் அங்கே பிளாக்.

கடைப் பெயரைப் போடு என்பீர்கள். போட மாட்டேன். புகார் கொடுத்திருக்கிறோம், தெரிந்த வக்கீல் ஒருவர் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்கிறார். எப்படிப்பட்ட கடை, எப்படிப் பேசுவார்கள் என்று சொல்கிறேன். கடைசியில் பழைய ரோடு பைக் வாங்குகிறவர்களுக்கு முழு செக்லிஸ்ட்டும் தருகிறேன்.

எங்களுக்குத் தை மாதம் கல்யாணம். இரண்டு பேருக்கும் சைக்கிள் பிடிக்கும் என்பது பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துவிட்டது. அவர் ஆபீசுக்கே ஹைபிரிட் சைக்கிளில் போகிறவர். நான் காலேஜ் வரைக்கும் லேடிபேர்ட் ஓட்டியவள். சனிக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நாமும் பி.ஆர்.எம். என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம் போகலாம் என்று முடிவு செய்தோம். தெரியாதவர்களுக்கு: இது ரேஸ் இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27 மணி, 600 என்றால் 40 மணி. யார் முதலில் வந்தார் என்ற கணக்கு கிடையாது, நேரத்துக்குள் வந்தால் போதும். இந்த நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ராண்டோனர் என்ற பட்டம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரான்ஸில் 1200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நடக்கும், அடுத்தது 2027. அதுவரைக்கும் கனவு கண்டோம். கண்டால் என்ன தப்பு?

பணம் மொய்ப் பணம். எங்கள் ஊர் மதுரைப் பக்கம். அங்கே மொய் என்றால் சும்மா வந்த காசு இல்லை. நோட்டில் எழுதி வைத்து, அவரவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அந்தப் பணத்தில் ரூ. 1,32,000. "ஒரு சங்கிலி எடுத்திருக்கலாமேடா" என்று அத்தை அவரிடம் முணுமுணுத்தார்கள். அப்புறம், "சரி, ரெண்டு பேரும் சேந்துதானே ஓட்டப் போறீங்க" என்று விட்டுவிட்டார்கள். இப்போது அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைக்கு வருகிறேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வரிசையாக பி.ஆர்.எம். மெடல்கள். நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், சைக்கிள் ஜெர்சி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்னால் நாங்கள் போன ஒரு பெரிய ஷோரூமில் என் முகத்தையே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் என் கணவரிடம்தான் சொன்னார்கள், எனக்குப் பிங்க் கலரில் கூடை வைத்த சைக்கிளைக் காட்டினார்கள். இந்த ஆள் நேராக என்னிடம் பேசினார். "சிஸ்டர், முதல்ல உங்களுக்குத்தான் அளவு எடுக்கணும். சாருக்கு எதை வேணா குடுத்துடலாம். லேடீஸ் சைஸ்தான் எல்லாரும் தப்பா விக்கிறாங்க."

சுவரோரமாகச் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார். கால்களுக்கு நடுவே ஒரு தடிமனான புத்தகத்தை வைத்து மேலே ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை இன்ச் டேப்பால் அளந்தார். 72 சென்டிமீட்டர். கால்குலேட்டரில் ஏதோ பெருக்கி, ஒரு கார்டில் ஃபிரேம் சைஸ் "49" என்று எழுதி வட்டம் போட்டு என் கையில் கொடுத்தார். "எந்தக் கடைக்குப் போனாலும் இந்த நம்பரைச் சொல்லுங்க. என்கிட்டதான் வாங்கணும்னு இல்ல." அங்கேதான் நான் விழுந்தேன். வேறு கடைக்குப் போ என்று சொல்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எனக்கு 49 என்பது சரியான கணக்குதான். அளவைச் சரியாக எடுத்துவிட்டுத்தான் தப்பான சைக்கிளைக் கொடுத்திருக்கிறான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அவருக்குக் கார்பன் ஃபிரேம், ஷிமானோ 105 கியர் செட், ரூ. 74,000. எனக்கு அலாய் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ரூ. 58,000. கூடவே லைட்டும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் ஃப்ரீ. அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது, "இப்ப வேண்டாம் சார், சர்வீஸ் பண்ணி ரெடியானதும் பாத்துட்டுக் குடுங்க" என்றார். ரெடியான அன்று முழுப் பணமும் போனது. ஜிபேயில் வேறு யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "ஒய்ஃப் அக்கவுண்ட் சார், கடை அக்கவுண்ட்ல இன்னிக்கு லிமிட் முடிஞ்சிருச்சு." பில் கேட்டோம். "பில் போட்டா 12 பர்சன்ட் ஜிஎஸ்டி சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். புதுச் சைக்கிளுக்கே ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அதிலும் பொய்.

முதல் வாரம் எனக்குக் கழுத்து வலி. அப்புறம் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. போன் செய்தால், "ரோடு பைக்னா குனிஞ்சுதான் ஓட்டணும் சிஸ்டர், பழகிடும்." சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, முன்னால் தள்ளி, ஹேண்டில் பாரை மிகக் குட்டையான ஸ்டெம்மில் மாட்டியிருந்தார்கள். எட்டாததை எட்ட வைக்கத்தான் அத்தனையும். பி.ஆர்.எம்.முக்கென்று கொடுத்த ஃப்ரீ லைட் ஒரு மணி நேரம்கூட எரியவில்லை, அதை விடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரில் ஆரம்பித்து மாமல்லபுரம் போய்த் திரும்புவதாகத் திட்டம். சுமார் 90 கிலோமீட்டர், 200-க்கு முன்னால் ஒரு ஒத்திகை. கோவளம் தாண்டியதும் அவருடைய சைக்கிளில் பெடலை அழுத்தும்போதெல்லாம் "டிக்" என்று ஒரு சத்தம். "உனக்குக் கேக்குதா?" என்றார். எனக்குப் பின்னாலிருந்தே கேட்டது. அவர் 84 கிலோ. காற்று பின்பக்கமிருந்து தள்ள முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம், பக்கத்தில் புதுச்சேரி பஸ்கள். நல்ல வேளை, நிறுத்தினார். இரண்டையும் ஒரு குட்டி யானையில் ஏற்றி வீடு திரும்பினோம்.

அடுத்த நாள் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டில் ஸ்டாண்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, கீழ்க்குழாயின் மேலிருந்து ஒவ்வொரு விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். பாட்டில் ஸ்டாண்ட் இருந்த இடத்துக்குக் கீழே வந்ததும் டொக். விரிசல் விட்ட பானையைத் தட்டின சத்தம். மறுபடி மேலே போனார், டிங். கீழே வந்தார், டொக். "தட்டிப் பாத்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எங்களிடம் கேட்டுக்கொண்டு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். கறுப்புப் பெயின்ட் போனது. அடியில் வெள்ளைப் பட்டி. பட்டியையும் தேய்க்க, குழாயைச் சுற்றிப் பாதி தூரத்துக்கு முடி போல ஒரு கோடு. நகத்தை வைத்தால் மாட்டியது.

"அலுமினியம்னா நெளியும், கொஞ்ச நாள் காட்டிக்கொடுக்கும். கார்பன் சொல்லாமக்கொள்ளாம போயிடும். இறக்கத்துல போயிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்றார். உடைந்த கார்பனைச் சரி செய்யவே முடியாது என்றில்லை. சேதமானதைத் தேய்த்து எடுத்துவிட்டு, கார்பன் துணியை எபாக்சியில் அடுக்கடுக்காகச் சுற்றி ஒழுங்காக ரிப்பேர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இது ரிப்பேரே இல்லை. காரில் ஒடுக்கு எடுத்தால் பூசுகிற பட்டி. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினார். பெடல் அச்சுக்கு அடியில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டு ராவியிருந்தார்கள். திருட்டு சைக்கிளாகவே இருக்கலாம்.

என் சைக்கிளில் "49" ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தார். உரிந்து வந்தது. அடியில், கம்பெனியே அச்சடித்த 54. "ஐந்தடி எட்டு அங்குலம் இருக்கிறவங்க ஓட்டறது இது. யாரும்மா இதை உங்க தலையில கட்டினது?" எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனி கடைக்காரர் பதில்கள். போட்டோ அனுப்பினோம், கட்டைவிரல் எமோஜி வந்தது. போன் செய்தால் பையன் எடுத்து, "அண்ணன் பெங்களூர் போயிருக்காரு." அதே நேரத்தில் அண்ணன் கடையிலிருந்து ரீல்ஸ் போடுகிறார். நேரில் போனோம். முதலில், "கார்பன்ல ஹேர்லைன் வர்றது சகஜம் சார்." பட்டியைக் காட்டினோம். "அது ஃபாரின்லயே பண்ணினது, எங்களுக்கு எப்படித் தெரியும்?" அப்புறம், "நீங்க எங்கயோ கீழ போட்டிருக்கீங்க." கீழே போட்டால் பட்டியும் பெயின்டும் தானாக எப்படி வரும் என்று கேட்டேன். அதற்கு அந்த ஆள் சிரித்துக்கொண்டே என் கணவரைப் பார்த்துச் சொன்னது: "புதுசா கல்யாணம் ஆனவங்க, வீட்டுல சண்டை போட்டு சைக்கிளைத் தள்ளி விட்டிருப்பீங்க ப்ரோ." கடையிலிருந்த இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அளவெடுத்த அன்று சிஸ்டர், இன்று நான் அங்கே நிற்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஸ்டிக்கரைக் காட்டினேன். "சைஸ் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்." அது உண்மைதான், ஆனால் அதற்காக ஒரு நம்பருக்கு மேல் இன்னொரு நம்பரை ஒட்டுவார்களா? கடைசியில் பெரிய மனது பண்ணி, இரண்டையும் ரூ. 40,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். ரூ. 1,32,000-க்கு விற்ற அதே சைக்கிள்கள். எடுத்து, மறுபடி பட்டி பார்த்து, இன்னொரு ஜோடிக்கு விற்பதற்கு! கொடுக்க மாட்டோம் என்று வந்துவிட்டோம். இன்று காலை பிளாக்.

பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசினோம், பொருள் கைக்கு வந்திருப்பதால் நுகர்வோர் வழியில் போங்கள் என்றார்கள். ஸ்டேஷனில், "சைக்கிளுக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரமா?" என்று எங்களைத்தான் விசாரித்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

செக்லிஸ்ட் தருகிறேன் என்றேன். இப்போது அதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிற நிலையில் இல்லை. சுருக்கமாக: பில் தராத கடையில் வாங்காதீர்கள். கடைப் பெயர் இல்லாத ஜிபேக்குப் பணம் அனுப்பாதீர்கள். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த ஸ்டிக்கரையும் உரித்துப் பாருங்கள். பழைய கார்பன் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள், கடைக்காரர் மறுத்தால் அதுவே பதில். முக்கியமாக, சுவரில் மெடல் தொங்குவதைப் பார்த்து நம்பாதீர்கள். யாருடைய மெடலோ.

இதே மாதிரி கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டும், வட்டம் போட்ட சைஸ் கார்டும் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒன்றாகவே புகார் கொடுக்கலாம். மெக்கானிக் பட்டியைத் தேய்க்கும்போது எடுத்த வீடியோ முழுவதும் எங்களிடம் இருக்கிறது.