செட்டிநாட்டு வீட்டின் உள்ளழகைப் படமெடுக்க: எந்த லென்ஸ், எந்த ஒளி, எந்தக் கோணம்?

செட்டிநாட்டு வீட்டுக்குள் படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் யோசிப்பது, எவ்வளவு அகலமான லென்ஸ் வேண்டும் என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று: படத்தில் இருட்டை எவ்வளவு விட்டுவைப்பது?

கானாடுகாத்தான், காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என எந்த ஊருக்குப் போனாலும் பழைய வீடுகளின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தெரு வெயில், நிழலான திண்ணையும் முகப்பும், அதைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மறுபடி மங்கலான நடை, இரண்டாம் கட்டு முற்றம், கடைசியில் அடுப்படிப் பகுதி. வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும்படிதான் வீடே கட்டப்பட்டிருக்கிறது. பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கண்ணைப் பறிப்பவைதான். ஆனாலும் வீட்டுக்குள் நடக்கும்போது உடம்புக்குத் தெரிவது இந்த ஒளி மாற்றம். கீழே ஒப்பிடும் எந்த முறையானாலும், அந்த மாற்றத்தைக் காப்பாற்றுகிறதா அழிக்கிறதா என்பதே எங்கள் அளவுகோல்.

16, 24, 35: மூன்று லென்ஸ், மூன்று வீடு

இங்கே சொல்லும் அளவெல்லாம் ஃபுல் ஃபிரேம் (36க்கு 24 மி.மீ. சென்சார்) கேமராவுக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

16 எம்எம் லென்ஸ் கிடைமட்டமாகச் சுமார் 97 டிகிரியைப் பிடிக்கும். வளவின் ஒரு மூலையில் நின்றால் முற்றம் முழுவதும் ஒரே படத்தில் வந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை தூண்களில் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில், ஃபிரேமின் ஓரத்தில் நிற்கும் தூண் பருத்து அகலும். எதிர்ப்பக்கத் தூண் குச்சியாக மெலியும். ஒரே தடிமனில் ஒரே இடைவெளியில் தூண்களை நிறுத்திய தச்சரின் கணக்கு படத்தில் காணாமல் போகும். முற்றமும் உள்ளதைவிட இரண்டு மடங்கு பெரியதாகத் தோன்றும். ஹோட்டல் விளம்பரத்துக்கு அது வசதி. வீட்டை அறிய நினைப்பவருக்கு அது பொய்.

24 எம்எம் சுமார் 74 டிகிரி. முகப்புக்கும் வளவுக்கும் முதலில் மாட்ட வேண்டியது இதுதான். லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வைத்து 2.4 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 1.2 மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். எஃப் 16 வரை போக வேண்டாம்; அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி வளைந்து பரவும். இந்த டிஃப்ராக்‌ஷனால் செதுக்கு வேலைகளின் கூர்மை மங்கும்.

35 எம்எம் சுமார் 54 டிகிரிதான். அறை முழுவதும் வராது, ஆனால் இந்த வீடுகளுக்கு இது எதிர்பாராத அளவு பொருந்தும். வாசலில் நின்று பார்த்தால் நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை எனப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அல்லவா? அந்த வரிசையை 16 எம்எம்மில் எடுத்தால் கடைசி வாசல் ஒரு புள்ளியாகிவிடும். 35இல், இடமிருந்தால் 50இல், வாசல்கள் ஒன்றோடொன்று நெருங்கி வந்து நிற்கும். ஒரே ஒரு லென்ஸ்தான் எடுத்துப் போக முடியும் என்றால் 24ஐ எடுங்கள். இரண்டு என்றால் 24உம் 35உம். 16 எம்எம் பையிலேயே இருக்கட்டும்.

தூண் சாயாமல் இருக்க: ஷிஃப்ட் லென்ஸா, மென்பொருளா?

உத்தரமும் (கூரை தாங்கும் விட்டம்) போதிகையும் (தூண் தலையிலுள்ள தாங்கி) வர வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். தீர்வு மூன்று உண்டு.

ஷிஃப்ட் லென்ஸ்: கேமரா மட்டமாகவே இருக்கும், லென்ஸ் மட்டும் மேலே நகரும். கேனானின் டிஎஸ்-இ 24 எம்எம் எஃப் 3.5 எல் II 12 மில்லிமீட்டர் வரை நகரக்கூடியது. கிடைமட்ட ஃபிரேமில் அந்த 12ஐயும் மேலே தள்ளினால் அடிவானக் கோடு ஃபிரேமின் கீழ் விளிம்புக்கே வந்துவிடும். தரை ஒரு அங்குலம்கூடத் தெரியாது. பூவேலைத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் அப்படி எடுத்தால் பாதி வீட்டை விட்டுவிட்டு வந்ததாகவே அர்த்தம். 3 முதல் 5 மி.மீ. வரை நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூரையும் தரையும் இரண்டுமே வேண்டுமானால், ட்ரைபாடை அசைக்காமல் 12 மேலே ஒரு படம், 12 கீழே ஒரு படம் எடுத்து ஒட்டலாம். 36க்கு 48 மி.மீ. அளவில் நெடிய படம் கிடைக்கும். வளவு முற்றத்துக்கு இதைவிட நல்ல முறையை நாங்கள் அறியோம்.

அகல லென்ஸில் மட்டமாக எடுத்து, வேண்டாத தரையை வெட்டுவது: செலவில்லாத வழி. கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். 20 எம்எம் படத்தை 24 எம்எம் அளவுக்கு வெட்டினால் 2.4 மி.மீ. ஷிஃப்டுக்குச் சமமான பலன் கிடைக்கும். 24 மெகாபிக்சலில் 17 அளவு மிஞ்சும், ஏ3 அச்சுக்குப் போதும். 16 எம்எம்மிலிருந்து வெட்டினால் 6 மி.மீ.க்குச் சமம், ஆனால் மிஞ்சுவது 11 மெகாபிக்சலுக்கும் குறைவு. 16 எம்எம் லென்ஸுக்கு உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

அண்ணாந்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவது: சாய்வு கொஞ்சமாக இருந்தால் சரி. அதிகமானால் படத்தின் மேல்பகுதி இழுபட்டு மென்மையாகிவிடும். தூண்கள் உயரம் கூடியும் ஒல்லியாகவும் தெரியும். அவசரத்துக்கு மட்டும்.

எந்த வழியானாலும், மட்டம் சரிபார்க்கத் தரையே உதவும். நேரெதிராக எடுக்கும்போது ஒரு கல் வரிசையின் இணைப்புக் கோடு ஃபிரேமின் இடது விளிம்பைத் தொடும் உயரமும் வலது விளிம்பைத் தொடும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் கேமரா கோணலாகத் திரும்பியிருக்கிறது. சில வீடுகளில் கல் வரிசையே சுவருக்குச் சற்றுக் கோணலாக ஓடும்; அங்கே நிலைச்சட்டத்தை நம்புங்கள்.

நேராகவா, மூலையிலிருந்தா?

நேராகத்தான். வீடே ஒரு அச்சின்மேல் கட்டப்பட்டிருக்கும்போது மூலைக் கோணம் அந்த அச்சை உடைத்துவிடுகிறது. தாழ்வாரம் திரும்பும் இடம், மாடிப்படி இரண்டுக்கும் மட்டும் மூலை நல்லது. கேமரா உயர விஷயத்தில் உள்ளலங்காரப் படமெடுப்பவர்கள் பழகிய அளவு 1.2 மீட்டர். நாற்காலி மேசை உள்ள அறைக்கு அது சரி. பூக்கோலம் போட்ட தரைக்கு 1.5 மீட்டர் வையுங்கள். கீழே இறங்க இறங்கக் கல்லின் வடிவம் நசுங்கி வெறும் கோடுகளாகிவிடும்.

எந்த நேரம்?

இந்த வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. கிழக்கு வாசல் வீட்டில் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம் வெயில் வாசல் வழியாகவே உள்ளே நீளும். நண்பகலைத் தவிர்க்கச் சொல்வார்கள். காரணம் தெரிந்தால் எப்போது தவிர்க்கலாம், எப்போது பயன்படுத்தலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். வெயில் முற்றத்துக்குள் மட்டும் கட்டமாக விழும், தாழ்வாரம் மொத்தமும் இருண்டிருக்கும். டிசம்பரில் நண்பகலிலும் சூரியன் 56 டிகிரி உயரம்தான். தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் வடபக்கத் தாழ்வாரத்தில் ஏறித் தூண் நிழலைச் சுவரில் போடும். மார்கழியில் காரைக்குடி போகிறவர்கள் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடாதீர்கள்.

மேகமூட்டமான நாள்தான் வேலைக்கு எளிது. மாலையில் சூரியன் மறைந்த பின் வானமும் உள்விளக்கும் சமமாகும் நேரம் நம் ஊரில் 20 நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. ஆகவே ஒரே ஒரு கோணத்தைத் தேர்ந்து, முன்பே ட்ரைபாடை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ஒரே ராவா, பிராக்கெட்டிங்கா, ஃபிளாஷா?

முதலில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8இல் நண்பகல் வெயில் விழும் முற்றத்துக்கு 1/400 நொடி. அதை ஒட்டிய தாழ்வாரச் சுவருக்கு 1/4 நொடி அளவில் வரும். இடைவெளி ஏழு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கதவு திறந்த உள்ளறைக்கு 4 நொடி ஆகலாம். அது பத்து ஸ்டாப்பைத் தாண்டும்.

கேமரா திருத்தாத மூலக் கோப்பான ஒரே ரா ஃபைலில் எடுத்து நிழலை மூன்று ஸ்டாப் வரை தூக்கலாம். அதற்குமேல் தூக்கினால் கறுத்த தேக்கில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கிளம்பும், மரத்தின் செம்பழுப்பு ஊதாப் பக்கம் நழுவும். மேகமூட்டத்திலும் காலையிலும் தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்த படத்துக்கு இதுவே போதுமானது. நிழல் நிழலாகவே நிற்கும் என்பதால் எங்களுக்கு இதுதான் முதல் தேர்வு.

வெயில் நேரத்துக்கு பிராக்கெட்டிங்: ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படமாக எடுத்துச் சேர்ப்பது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம்: 1/400, 1/100, 1/25, 1/6, 0.6 நொடி. உள்ளறையும் தெரிய வேண்டுமானால் 2.5, 10 நொடி என இரண்டு கூடுதல். ட்ரைபாடில் நிறுத்தி, இரண்டு நொடி டைமர் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஊஞ்சல் சங்கிலியைக் கையால் பிடித்து அசைவை அடக்குங்கள். இல்லாவிட்டால் இரட்டை உருவம் விழும். படம் கெடுவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். அந்தப் படங்களைத் தானாகச் சேர்க்கும் எச்டிஆர் எல்லா இடத்தையும் ஒரே வெளிச்சமாக்கும். வானத்தை ஒட்டிய தூண் விளிம்பில் வெள்ளை வளையம் போடும். சாம்பல் பூசியதுபோல் சுவர் மாறும். பதிலாக, தாழ்வாரத்துக்குச் சரியான படத்தை அடியில் வைத்து, முற்றத்தில் வெளுத்துப்போன பகுதிக்கு மட்டும் இருண்ட படத்தை மாஸ்க் போட்டு (மற்ற பகுதியை மறைத்து) சேர்த்துக்கொள்ளுங்கள். முற்றம் தாழ்வாரத்தைவிட இரண்டு மூன்று ஸ்டாப் வெளிச்சமாகவே இருக்கட்டும். கண் அப்படித்தான் பார்க்கிறது.

ஃபிளாஷ் மூன்றாவது. வீடு விற்பனைப் படங்களில் இயற்கை ஒளியில் ஒன்று, ஃபிளாஷில் ஒன்று எடுத்து, மேல் அடுக்கில் இயற்கை ஒளிப் படத்தை லூமினாசிட்டி (வெளிச்ச அளவை மட்டும் எடுக்கும்) முறையில் கலப்பார்கள். ஒளி இயற்கையிலிருந்தும் நிறம் ஃபிளாஷிலிருந்தும் வரும். வெள்ளைக் கூரை உள்ள அடுக்குமாடி வீட்டில் பிரமாதமாக வேலை செய்யும் முறை. இங்கே கூரை தேக்கு. அதில் பட்டுத் திரும்பும் ஃபிளாஷ் அறை முழுவதையும் ஆரஞ்சாக்கும். சரி, சுவரில் அடிக்கலாமா என்றால், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு கண்ணாடிபோல் மின்னும். ஒரு வெள்ளைத் திட்டு அப்படியே பதியும். வார்னிஷ் தூணில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். மேலே முன்சாய்வாக மாட்டிய பழைய போட்டோக்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் தம் பங்குக்கு மின்னும். ஜன்னலில்லாத சேமிப்பறை, பெட்டக அறை இவற்றுக்கு மட்டும், கேமராவுக்குப் பின்னால் வெள்ளைக் குடையில் அடித்து, 1/16 சக்தியில் தொடங்குங்கள். வளவில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மொபைல் வைத்திருப்பவர்கள் 0.5 லென்ஸைத் தொட வேண்டாம். 1எக்ஸ் பெரும்பாலும் 24 எம்எம்முக்கு அருகில்தான் இருக்கும். ப்ரோ மோடில் ரா எடுத்தால் ஃபோன் தானாகச் செய்யும் எச்டிஆர் தட்டையாக்கலிலிருந்து தப்பலாம். முற்றத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டி, அரை ஸ்டாப் மட்டும் ஏற்றுங்கள்.

தரையின் பளபளப்பு: போலரைசர் வேண்டுமா?

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் நிறக் கலவையை ஊற்றித்தான் வார்க்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சூளையில் சுட்ட பளபளப்பு அதில் இல்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரை முழுவதும் திருப்பினால் தரையோடு ஏறத்தாழ 35 டிகிரியில் பார்க்கும் பகுதியில் பிரதிபலிப்பு மொத்தமும் போய்விடும். அதைவிடத் தாழ்வான கோணத்தில் தெரியும் தூரத் தரையில் மின்னல் நிற்கும். பாதித் தரை செத்ததும் பாதி உயிருள்ளதுமாகத் தெரியும். வடிவத்தை மட்டும் பதிவு செய்ய முழுத் திருப்பல் சரி. அறையின் படத்துக்குப் பாதித் திருப்பலோ, போலரைசரே இல்லாததோ மேல்; முற்றத்து வெளிச்சம் தரையில் ஓடிவருவதைக் காட்டுவது அந்தப் பிரதிபலிப்புதான். ட்ரைபாட் கால்களில் ரப்பர் முனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்பு முனையின் கீறல் அந்தக் கல்லிலிருந்து போகாது.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸா, கையால் வைப்பதா?

ஒயிட் பேலன்ஸ் என்பது ஒளியின் நிறத்துக்கேற்பக் கேமராவைச் சரிசெய்வது; அந்த நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். முற்றத்து வெயில் 5500 கெல்வின், தாழ்வார நிழல் 7000ஐத் தாண்டும், யாரோ மாட்டிய எல்இடி பல்பு 3000 அல்லது 6500. முதல் வேலை, வீட்டாரிடம் கேட்டு விளக்குகளை அணைப்பது. அணைக்க முடியாவிட்டால் ஷட்டரை 1/100 நொடியிலோ அதைவிட மெதுவாகவோ வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கின் துடிப்பால் படத்தில் பட்டை விழாது. பிறகு ஒயிட் பேலன்ஸை 5500இல் பூட்டிவிடுங்கள். ஜன்னலுக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி பதித்த அறைகளில் இது மிக முக்கியம். காலையில் அந்த நிறங்கள் வெள்ளைச் சுவரில் விழும்போது ஆட்டோ அதைப் பிழையென நினைத்துத் திருத்தும். சிவப்பு வெளிறும், எதிர்ச்சுவரில் பச்சை ஏறும். நிறத் திட்டுகள் பதினைந்து இருபது நிமிடத்தில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி இடம் மாறிவிடும் என்பதால், அந்த அறையை முதலில் எடுத்துவிட்டுத்தான் வளவுக்கு வர வேண்டும்.