ஏரி மண் முற்றத்தில் கொரியன் புல்: ஐந்து வருட அனுபவம்

தர்மபுரியில் நாங்கள் வீடு கட்டிய மனை ரோட்டை விடத் தாழ்வு. எட்டு டிப்பர் ஏரி மண் கொட்டி மேடாக்கினோம். சுற்றிலும் செம்மண், எங்கள் முற்றத்தில் மட்டும் கருப்புக் களிமண். நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் ஓசூர் நர்சரி ஒன்றிலிருந்து வாங்கி வந்த கொரியன் புல் என்கிற அழகுப் புல்லை மூன்று சென்ட் பரப்பில் பதித்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இதே மாதிரி மண்ணில் புல் போட நினைப்பவர்கள் நான் பட்டதைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வருடம் யூரியாவில் சறுக்கினேன். பங்குனி வெயிலில் புல் வெளுத்திருந்தது. மூன்று கிலோ யூரியாவைக் கையால் வீசிவிட்டுத் தண்ணீர் விடப் போனால் கரண்ட் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் விட்டு உள்ளே இறக்காமல் மண்ணின் மேல் கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும், அதிலும் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் இழப்பு அதிகம். போனது போக மிச்சம் கைப்பிடி கைப்பிடியாக விழுந்த இடத்திலெல்லாம் புல் கருகி வட்டம் வட்டமாய்ச் சொட்டை. இப்போது ஒரு தடவைக்கு 600 கிராம்தான், அதையும் இரண்டு பங்கு மண்புழு உரத்தோடு கலந்து தூவி, உடனே தண்ணீர் விட்டுவிடுவேன். களிமண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். மணல் தரைக்குப் போடுகிற மாதிரி அடிக்கடி போட வேண்டியதில்லை.

எப்போது போடுவது என்பது அளவை விட முக்கியம். கோடை மழை இரண்டு மூன்று பெய்து மண் குளிர்ந்த பிறகு, ஜூன் பாதியில் முதல் தடவை. ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது. செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே நல்ல மழை, அப்போது யூரியா மூட்டையைத் தொடுவதே இல்லை. தண்ணீர் தேங்கிய களிமண்ணில் யூரியாவின் தழைச்சத்து வாயுவாக மாறிப் பறந்துவிடும், நமக்குச் செலவு மட்டும் மிச்சம். நவம்பரில் கொஞ்சம் பொட்டாஷ். மார்கழிக் குளிரில் கொரியன் புல் வளராமல் பழுப்பு தட்டி நிற்கும். அது பசி இல்லை, தூக்கம். எழுப்பக் கூடாது.

இரண்டாம் வருடம் வேறொரு மஞ்சள் வந்தது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. உரக்கடையில் சொன்னார்கள் என்று 50 கிலோ ஜிப்சம் வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண்ணை எடுத்துப் போனேன். கார அமில நிலை 8.3, அதாவது காரமான மண் என்று வந்தது, ஆனால் களர் பிரச்சினை கிடையாது. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும், எனக்கு அது வீண். அந்தக் காரத்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை. பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, இரண்டு எலுமிச்சை பிழிந்து, மாலையில் தெளித்தேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. ஆனால் போர்டிகோ டைல்ஸில் விழுந்த துளிகள் துருக்கறையாகி இன்றும் இருக்கின்றன. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

களை என்றால் கோரைதான். மற்றதெல்லாம் சும்மா. பார்த்தீனியமும் அம்மான் பச்சரிசியும் நான் வாங்கிய மக்காத எருவோடு வந்தவை, கையால் பிடுங்கினால் தீர்ந்தது. கோரை அப்படி இல்லை. ஆள் விட்டு மூன்று நாள் பிடுங்கினோம், பத்தாம் நாள் முன்னை விட அடர்த்தியாக நின்றது. களையெடுக்க வந்த அம்மா அப்போதே சொன்னார்: “மேல புடுங்கினா கெழங்கு சும்மா இருக்குமா சார்? தூங்கினதெல்லாம் முழிச்சிக்கும்.” கடைசியில் ஹாலோசல்ஃப்யூரான் என்ற கோரைக் களைக்கொல்லி வாங்கினேன். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் என்று லேபிளில் போட்டிருந்ததால் முதலில் ஒரு மூலையில் அடித்து, புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். ஏக்கருக்கு 36 கிராம் என்றால் மூன்று சென்ட்டுக்கு ஒரு கிராம் சொச்சம். அதற்காகவே நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். கோரை நான்கைந்து இலை விட்டிருக்கும்போது, மண்ணில் ஈரம் இருக்கையில் அடிக்க வேண்டும். உடனே சாகாது, மூன்று வாரம் மெல்ல மஞ்சளாகும். ஒரு தடவையோடு கிழங்கு போகாது. எனக்கு இரண்டு பருவம் பிடித்தது, இப்போதும் அங்கங்கே தலைகாட்டும்.

2,4-டி என்ற களைக்கொல்லி பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அகன்ற இலைக் களைக்கு என்று ஒரு நாள் காற்றில் அடித்துவிட்டேன். பாலக்கோடு தக்காளிக்குப் பேர்போன ஜில்லா இது. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாய் வைத்திருந்த பன்னிரண்டு தக்காளிச் செடியும் நுனி முறுக்கிக் கயிறு மாதிரி ஆகிவிட்டன. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாக்கு போட்டாவது மூடியிருப்பேனே சார்” என்றார். அன்றோடு அந்த மருந்தை நிறுத்திவிட்டேன். புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் விட்டதிலேயே பாதிக் களை குறைந்துவிட்டது.

களிமண்ணை இளக்க எம் சாண்ட் கலந்தது இன்னொரு தப்பு. கொஞ்சமாகக் கலந்தால் செங்கல் போல இறுகிவிடுகிறது. இப்போது வருடம் ஒரு தடவை கூர்மையான கம்பியால் குத்தி, துளையில் மண்புழு உரம் நிரப்புகிறேன். பதம் பார்த்துத்தான் குத்த வேண்டும். மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், கட்டை விரலால் அழுத்தினால் உதிரவேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் மழை விட்டு நாலைந்து நாளில் வந்து இரண்டே நாளில் போய்விடும்.

வாசல் கேட் பக்கத்து மூலையில் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது. மூன்று தடவை புல் பதித்தும் அழுகியதால் அங்கே வல்லாரையை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் மருந்தும் கிடையாது, யூரியாவும் கிடையாது. வாரம் ஒரு நாள் துவையலுக்கு ஆகிறது.