டார்க் ரீடர்: இந்த நீட்சிக்குக் காசு கேட்பது நியாயமா?

கல்லடியில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பும் செய்துவரும் எனக்கு, இரவு ஒன்பது மணிக்குப் பின்னர்தான் வேலை ஓடும். வெள்ளைத் திரையை மணிக்கணக்காகப் பார்த்துக் கண் எரியத் தொடங்கியபோது, இணையப் பக்கங்களை இருண்ட பின்னணிக்கு மாற்றித் தரும் டார்க் ரீடர் என்ற உலாவி நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை, நிறுவிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் நாளாந்தம் பயன்படுத்திய பின்பே இதை எழுதுகிறேன்.

இருண்ட பின்னணியில் தமிழ் வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. என் பழைய திரையில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கி, ‘கண்’ என்பது ‘கண’ என்றே தெரிந்தது; மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு இல்லை. டார்க் ரீடரின் எழுத்துருப் பகுதியில் கோட்டின் தடிப்பைக் கூட்டும் வசதி இருக்கிறது. அதைச் சற்றே கூட்டி, செபியா எனும் பழுப்புச் சாயலையும் சிறிதளவு சேர்த்ததும் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. குறையும் உண்டு: பக்கத்தின் நிறங்களை அவ்வப்போதே ஆராய்ந்து மாற்றும் டைனமிக் முறை, என் தங்கை மகனின் 4 ஜிபி மடிக்கணினியில் நீண்ட பக்கங்களைத் திணறவைக்கிறது. ஸ்டாட்டிக் முறை வேகமானது, ஆனால் பார்வைக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

குரோமிலும் பயர்பாக்ஸிலும் இது இலவசம். சஃபாரிக்கு விலை கொடுத்தே வாங்கவேண்டும். இலவசப் பதிப்பும் ஆதரவுப் பணம் கேட்கிறது, ஆனால் கொடுக்காவிட்டாலும் வேலை செய்வதை நிறுத்திவிடுவதில்லை. மூலநிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்தே கிடக்கிறது.

கேட்பது நியாயமே என்பது என் முடிவு. நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கவும் மாற்றவும் இந்த நீட்சிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம். என் வாடிக்கையாளர்களின் கடிதங்களும் அதில் அடங்கும். அத்தகைய ஒன்றை உருவாக்கியவர் வருமானமின்றிக் களைத்துப்போனால் என்ன நடக்கும் என்பதை, பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்த தி கிரேட் சஸ்பென்டர் என்ற குரோம் நீட்சி காட்டியது: 2020இல் அது வேறொருவர் கைக்கு மாறியது, 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறிக் கூகுள் அதனை நீக்கியது. குரோம் நீட்சிகள் கிடைக்கும் கூகுளின் இணையக் கடையான குரோம் வெப் ஸ்டோர் தனது சொந்தக் கட்டண வசதியையும் அதே காலத்தில் மூடிவிட்டதால், விலை வைக்க விரும்பும் நிரலாளர் வசூல், உரிமச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயினும், மாதச் சந்தாவை நான் ஏற்கமாட்டேன். டொலரில் வரும் சிறு தொகைகூட ரூபாய்க்கு மாறும்போது மாதந்தோறும் கையைக் கடிக்கும். என் வங்கி அட்டையோ வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு முற்பகல் முழுவதும் கிளையில் காத்திருந்து, படிவம் நிரப்பிக் கொடுத்த பிறகே அது வேலை செய்தது. உயர்தரம் படிக்கும் தங்கை மகனிடம் அட்டையே கிடையாது. அவனைப் போன்றவர்களுக்குக் கதவு சாத்தப்படாமல், இதை வைத்துப் பிழைப்பவர்களிடம் ஒரே தடவையில் ஒரு விலை வாங்கப்படுமானால், அதை மனநிறைவோடு கொடுப்பேன். சென்ற மாதம் நானாகவே கொடுத்தும் விட்டேன்.