கொடைக்கானல் வாடகை சைக்கிளும் கூடாரமும்

பூம்பாறை வழியாக மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே ஓரிரவு தங்கித் திரும்ப, வாடகைக் கியர் சைக்கிள் தாராளமாகப் போதும், ஏற்றத்தில் திணறுவதில்லை. குறை பிரேக்கில்தான். எடுக்கும்போதே குனிந்து பாருங்கள்: பிரேக் கட்டை ரப்பரில் உள்ள பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சுமையோடு இறங்கும்போது விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கூடாரம் ஒற்றைத் துணி. மூச்சின் ஈரம் உள்பக்கம் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலையில் ஸ்லீப்பிங் பேக் மேல் சொட்டும். குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடாதீர்கள், மேலே நான்கு விரல் திறந்திருக்கட்டும்.

காட்டெருமை நடமாடும் பகுதி. காட்டோரம் வேண்டாம், கேட்டு அனுமதி வாங்கிய தோட்டத்திலேயே கூடாரம் அடியுங்கள். பஞ்சர் சாமான் கூடவே வருகிறது, பம்பு கேட்டால்தான் தருகிறார்கள்.