குமரி மாவட்டத்துக்கு எந்தக் காட்டுப்பூ கையேடு? சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

காட்டுப்பூக்களை அடையாளம் காண எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்தப் பக்கம் நடக்கப் போறீங்க?" என்பதுதான். குமரி மாவட்டத்தில் இதற்குப் பதில் தெரியாமல் புத்தகம் வாங்கினால் பாதிப் பணம் வீண். மொத்தப் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் உடைமரமும் ஆவாரையும் எருக்கும். அங்கிருந்து பூதப்பாண்டி வழியாகக் கீரிப்பாறை தாண்டிக் காளிகேசம் போனால் அட்டை கடிக்கும் ஈரக்காடு. தெற்கே இறங்கினால் மணல், உப்பங்கழி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. அதனால் கோயம்புத்தூரை மனதில் வைத்து எழுதிய பூக்கும் மாதமும் சரியாக வராது, வயநாட்டை மனதில் வைத்து எழுதியதும் வராது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. நாகர்கோவிலில் கணக்கு பார்க்கும் வேலை. விடுமுறை நாட்களில் மருந்துவாழ்மலை, தேரூர் குளக்கரை, பேச்சிப்பாறை, மணக்குடி என்று சுற்றுவேன். ஏழெட்டு வருடமாகப் பலவகைப் புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கி அலைந்திருக்கிறேன். சில அலமாரியில் ஓய்வெடுக்கின்றன, சில அட்டை கிழிந்து இன்னும் கூடவே வருகின்றன. எது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது இந்தியா முழுவதற்குமான படக் கையேடு. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிறவாரியாகப் பிரித்திருப்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது நல்ல வாசல்தான், மறுக்கவில்லை. ஆனால் பூ ஒரே நிறத்தில் நிற்பதில்லை. காலையில் மஞ்சளாக விரிந்த பூவரசம்பூ சாயங்காலம் சிவந்து வாடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செங்காந்தள் பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவப்பில் முடியும். உன்னிப்பூவில் ஒரே கொத்திலேயே இரண்டு நிறம். நிறத்தை மட்டும் நம்பிப் பக்கம் புரட்டினால் இந்தச் செடிகளை நாளின் எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து வேறுவேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தியா முழுவதற்கும் ஒரே புத்தகம் என்றால் நம் ஊருக்கு அதில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. இமயமலைப் பூக்கள் பக்கம் பக்கமாக அழகாக இருக்கும். நம் கால் அடியில் படர்ந்திருக்கும் பொடுதலை இருக்காது.

புத்தகத்தின் தரத்தைப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. நெருஞ்சியையும் பெருநெருஞ்சிலையும் தேடிப் பார்ப்பேன். இரண்டும் மஞ்சள் பூ, இரண்டிலும் முள் காய், இரண்டும் மணற்பாங்கான தரையில் வளரும். ஆனால் உறவே கிடையாது, வெவ்வேறு குடும்பங்கள். நெருஞ்சி தரையோடு படரும். ஒரு காம்பில் சிறுசிறு இலைகள் எதிரெதிராக அடுக்கியிருக்கும். பூவில் ஐந்து இதழும் தனித்தனி. பெருநெருஞ்சிலில் சதைப்பற்றான ஒற்றை இலை, ஓரம் அலைபோல் வளைந்திருக்கும். பூ குழலாக நீண்டு நுனியில் விரியும். அதன் ஒரு கிளையைத் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் கலக்கினால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். நெருஞ்சியில் அப்படி ஆகாது. நல்ல கையேடு இந்த இரண்டையும் பற்றிச் சொல்லும்போது இலையைப் பற்றிப் பேசும், காயைப் பற்றிப் பேசும், இந்தக் கொழகொழப்பையும் சொல்லும். மோசமான கையேட்டில் இரண்டு மஞ்சள் பூப் படம் மட்டும் இருக்கும். கடையில் நின்றபடியே இந்த ஒரு சோதனையைச் செய்துவிடலாம், விற்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அதாவது கையேடு "இதுதான்" என்று சொன்னால் மட்டும் போதாது, "இது ஏன் அது இல்லை" என்றும் சொல்ல வேண்டும். ஒத்த தோற்றமுள்ள செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் என் முதல் அளவுகோல். ஆயிரம் படம் இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை.

மருந்துவாழ்மலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மாவிடம் ஒரு தடவை புத்தகப் படத்தைக் காட்டி, "அம்மா, இது பேய்மிரட்டிதானா?" என்று கேட்டேன். "பூவ மட்டும் காட்டினா நான் என்னத்தச் சொல்லுவேன் மக்களே? இலையப் பிச்சுக் கசக்கி மோந்து பாரு. தடவியும் பாத்துக்கிடு" என்றார். எவ்வளவு சரியான பேச்சு! பேய்மிரட்டி இருக்கும் தாவரக் குடும்பத்தில் ஊதா நிற உதட்டுப் பூக்கள் ஏராளம். பேய்மிரட்டியின் இலை தடித்து, நீண்டு, கம்பளி தொட்டதுபோல் மெத்தென்று இருக்கும். அதற்கு நெருங்கிய இன்னொரு இனத்தில் இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும். பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மணம், பால் வடிகிறதா, தண்டு சதுரமா உருண்டையா, இலையடிச் செதில் உண்டா என்றெல்லாம் கையேடு பேசுகிறதா என்று பாருங்கள்.

சரி, மேற்குப் பக்கத்துக்கு வருவோம். கல்குளம், விளவங்கோடு, மலையோரம் எல்லாவற்றுக்கும் கேரளப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் கையேடுகள்தான் கை கொடுத்தன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் ஓடையோரப் பாறையில் ஒட்டி நிற்கும் காட்டுக் காசித்தும்பைகள், ஈரப் பாறைமேல் நீலமாக நிறைந்திருக்கும் காக்காப்பூ, புதர் ஓரத்துக் குறிஞ்சி இனங்கள் இதெல்லாம் சமவெளித் தமிழகப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. காசித்தும்பை இனங்களில் பல மிகச் சின்ன மலைப்பகுதிக்கு மட்டுமே உரியவை. பூவின் வால், உதட்டின் வடிவம் எல்லாவற்றையும் செடியில் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். பறித்து அழுத்தி உலர்த்தினால் அந்த மெல்லிய இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உருத்தெரியாமல் போய்விடும். தாவரவியலாளர்களே இதில் திணறியிருக்கிறார்கள். ஆகவே இங்கே நல்ல வண்ணப்படம் அவசியம். மலையாளப் பெயர் கொடுத்திருந்தால் கூடுதல் லாபம், விளவங்கோட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் தொட்டாவாடி என்றுதான் சொல்வார்கள், தொட்டாச்சிணுங்கி என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

அப்புறம், வனவிலங்குச் சரணாலயத்துக்குள் செடியைப் பறிக்கக் கூடாது. அனுமதி வாங்கித்தான் உள்ளே போகவும் முடியும். பூவைப் பிய்த்துச் சூலகத்தை அறுத்துப் பார்க்கச் சொல்லும் கையேடு அங்கே உதவாது. நான் படம்தான் எடுத்துக்கொள்கிறேன். பூவின் முன்பக்கம், பக்கவாட்டில் புல்லிவட்டம், இலையின் மேலும் கீழும், தண்டு, காய் இருந்தால் காய், கடைசியாக முழுச்செடி. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேல். வீட்டில் வந்து ஆற அமரத் தேடலாம்.

வீட்டில் தேடும்போது நான் திறப்பது கேம்பிள். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு அது. கேம்பிள் தொடங்கியதை ஃபிஷர் முடித்தார். படமே கிடையாது. முழுக்க முழுக்கத் திறவுகோல் முறை: இரண்டு விவரணை கொடுப்பார்கள், எது பொருந்துகிறதோ அந்த வழியே அடுத்த இரண்டுக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் கண்ணைக் கட்டும், விட்டுவிடாதீர்கள். குமரிக்காரர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர் பக்கம். ஆகவே இந்தத் தொகுப்பில் நம் மலைகளைத் "திருவிதாங்கூர்" என்ற பெயரில் தேட வேண்டும், கணவாய்க்குக் கிழக்கே உள்ளதைத் "திருநெல்வேலி" என்ற பெயரில். பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சமவெளிக் களைகளுக்கும் குளக்கரைச் செடிகளுக்கும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தைச் சேர்ந்த பாதிரியார் கே. எம். மேத்யூ மத்தியத் தமிழகத்துக்காக 1991இல் வெளியிட்ட தாவரக் கையேடு எனக்குப் பிடித்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களின் வறண்ட பகுதிகளில் நன்றாகப் பயன்படுகிறது. ஈரக்காட்டுக்கு அது எழுதப்படவில்லை, அங்கே அதை எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த மாதிரி நூல்களின் கலைச்சொற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புத் தாவரவியல் பாடநூலை எடுத்து மலர், மஞ்சரி, கனி பற்றிய பாடங்களை நிதானமாகப் படித்தால் போதும். கூடவே நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையேட்டுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குவது நல்லது.

பெயர் மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நூலில் ஆவாரை "கேசியா ஆரிகுலேட்டா", இன்றைக்கு "சென்னா ஆரிகுலேட்டா". எருக்கு முன்பு தனிக் குடும்பம், இப்போது அரளி, நித்தியகல்யாணி இருக்கும் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். புதுப் பெயரோடு பழைய பெயரையும் அடைப்பில் கொடுக்கும் கையேட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இரண்டு புத்தகத்தை ஒப்பிடவே முடியாது. கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் எந்தப் பழைய பெயரைப் போட்டாலும் இப்போதைய பெயர் வந்துவிடும்.

தமிழ் மூலிகை நூல்களையும் பலர் கையேடாகப் பயன்படுத்துகிறார்கள். வட்டாரப் பெயர்களுக்கு அவை பொக்கிஷம். அடையாளத்துக்கு மட்டும் அவற்றை நம்பாதீர்கள், குறிப்பாக வாயில் போடும் எண்ணம் இருந்தால். மஞ்சள் கரிசாலை ஒரு உதாரணம். சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் பாய் விரித்ததாகப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் செடியைக் காட்டி அதுதான் மஞ்சள் கரிசாலை என்று சொல்பவர்கள் நிறைய. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்து பரவிய வேறொரு இனம். அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பளபளக்கும். நம் மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுங்கி நீண்டது, மடல் பிரியாது. இரண்டும் ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி), பூவும் ஏறத்தாழ ஒரே மாதிரி. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டிய கையேட்டை நான் இன்றும் பையிலிருந்து இறக்கவில்லை.

போன் செயலிகளைப் பொறுத்தவரை, உலகம் முழுக்கப் பரவிய களை என்றால் உடனே சரியாகச் சொல்கின்றன: உன்னி, வெட்டுக்காயப்பூண்டு, தொட்டாச்சிணுங்கி. இந்த மலைக்கே உரிய செடி என்றால் வேறு கண்டத்துப் பூவைக்கூடத் தயங்காமல் நீட்டுகின்றன. பேரினம் வரை நம்பி, மீதியைப் புத்தகத்தில் பார்ப்பது என் வழக்கம். கீரிப்பாறை தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது என்பதும் இருக்கிறது.

கட்டமைப்பும் முக்கியம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றும் காற்றில் பெரிய புத்தகத்தை விரித்துப் பிடிக்கவே முடியாது. ஒரு கையில் அடங்கி, நூல் தைத்த கட்டாக இருக்க வேண்டும். பசை மட்டும் போட்டு ஒட்டியவை ஒரு மழைக்காலத்தில் தாள்தாளாக வந்துவிட்டன. வழுவழுத்தாள் நனைந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். மேட் தாள் நல்லது. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் அவ்வப்போது வெயில் காட்டுங்கள்.

கடற்கரைக்கு மட்டும் எந்தக் கையேடும் எனக்குத் திருப்தி தரவில்லை. முட்டத்து மணலில் அடம்பும் இராவணன் மீசையும் இருக்கும், அதோடு படம் நின்றுவிடும். அவற்றுக்கு நடுவே வளரும் குட்டிக் குட்டிச் செடிகளுக்கு வழியில்லை. இப்போதைக்குக் கேம்பிளையும் என் படங்களையும் வைத்து மாதவாரியாக ஒரு நோட்டு எழுதி வருகிறேன். மணக்குடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரைச் செடிகளுக்குத் தமிழில் கையடக்கமாக ஒரு கையேடு வந்தால் அன்றைக்கே வாங்கிவிடுவேன்.