மேக் முகவரியை எங்கே எழுதி வைப்பது: யூ-பூட்டிலா, சிஸ்டம்டியிலா?

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரி அதன் போர்டிலேயே பதிந்து வருகிறது. விலை குறைந்த சில போர்டுகளில் அது இருக்காது. பூட் ஆகும்போதெல்லாம் லினக்ஸ் கர்னல் தானாக ஒன்றை உருட்டிப் போடும். ரவுட்டரில் ஐபியை ரிசர்வ் செய்து வைத்தும் பயனில்லை. அடுத்த ரீபூட்டில் ரவுட்டருக்கு அது யாரோ புது ஆள். என் வீட்டு ஃபைல் சர்வர் ஓடுவது அப்படியொரு போர்டில்தான்.

எந்த வழியில் போனாலும், முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நாமே வைத்துக்கொள்ளும் முகவரிகளுக்கு ஒதுக்கியது அது. நான் 02 என்றே தொடங்குவேன்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி வழி சுலபம். ஒரு .லிங்க் (.link) கோப்பு, நாலு வரி, ரீபூட். எந்த நெட்வொர்க் சாதனம் என்று சொல்லும் மேட்ச் பகுதியில் மட்டும் மேக் முகவரியைக் கொடுக்காதீர்கள், மாறிக்கொண்டே இருப்பதே அதுதானே. டிரைவர் பெயரையோ, சாதனம் இணைந்திருக்கும் இடமான பாத்தையோ (Path) கொடுங்கள். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் ஐபி (ip) கமாண்டைச் சொருகும் வழியும் உண்டு. ரவுட்டரிடம் ஐபி வாங்கும் டிஹெச்சிபி முந்திக்கொண்டால் அது வீண்.

நான் யூ-பூட் கட்சி. லினக்ஸுக்கு முன்னால் ஓடி அதைத் தொடங்கிவைக்கும் நிரல் அது. சீரியல் கேபிளை மாட்டி, பூட்டைப் பாதியில் நிறுத்தி, ஈத்அடர் (ethaddr) என்ற மாறியில் முகவரியைப் போட்டு, சேமிப்பதற்கு சேவ்என்வ் (saveenv) கொடுக்க வேண்டும். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ வழியாகக் கர்னலுக்கு அது போய்ச் சேரும். வேலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் எஸ்டி கார்டு என்றைக்காவது சாகும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். கார்டோடு .லிங்க் கோப்பும் போய்விடும். அதைவிட மோசம், கார்டை அப்படியே காப்பி எடுத்து இன்னொரு போர்டில் போடுவது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு போர்டுக்கும் ஒரே முகவரி. சுவிட்ச் குழம்பி, பிங் வருவதும் போவதுமாக இருக்கும். முகவரி போர்டின் எஸ்பிஐ ஃபிளாஷில் (போர்டிலேயே இருக்கும் சின்ன நினைவகச் சில்லு) இருந்தால் எந்தக் கார்டைப் போட்டாலும் கவலையில்லை.

ஒரு நிபந்தனை: சேவ்என்வ் கொடுத்ததும் எங்கே சேமிக்கிறது என்று திரையில் காட்டும். அங்கே எஸ்பிஐ ஃபிளாஷ் என்று வராமல் எம்எம்சி என்று வந்து, அது அதே எஸ்டி கார்டாகவும் இருந்தால், பட்ட பாடெல்லாம் வீண். அப்புறம், ஒருமுறை போட்ட ஈத்அடரைப் பல யூ-பூட் பில்டுகள் லேசில் மாற்ற விடாது. யோசித்துப் போடுங்கள்.

இதெல்லாம் கம்பி வழி ஈதர்நெட்டில் பார்த்தது. வைஃபைக்கு நான் பொறுப்பில்லை. எஸ்பிஐ ஃபிளாஷே இல்லாத போர்டு என்றால் .லிங்க் கோப்போடு இருந்துவிடலாம், கார்டைக் காப்பி எடுத்த கையோடு முகவரியைத் திருத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.