நிரப்பிப் பயன்படுத்தும் வேப்: கருவி நல்லதுதான், காயில்தான் உயிரை வாங்குகிறது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மைத்துனர் சிகரெட்டை விடுவதென்று முடிவெடுத்திருக்கிறார். பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்களின் (மின்சிகரெட்டுகளின்) விற்பனைக்கு பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடை. அதனால், "அத்தான், புதிதாகத் தொடங்குகிறவனுக்கு எது சரிப்படும்?" என்று கேட்டார். நான் நெடுநாளாக வைத்திருப்பது பாட் கருவி; பாட் என்பது கழற்றி மாட்டும் சிறு தொட்டி, அதில் நிக்கோடின் திரவத்தை நாமே நிரப்ப வேண்டும். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இவற்றில் எதையும் தொட வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் அடங்குகிறது. பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, இழுத்தால் போதும். பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான, மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் சால்ட் (தொண்டையை அதிகம் உறுத்தாத நிக்கோடின் வகை) திரவம்கூடத் தொண்டையைக் கமறவைக்காமல் இறங்குகிறது. காலையில் கண் விழித்ததும் சிகரெட்டைத் தேடும் தவிப்பு எனக்கு அடங்கியது இதனால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் இந்தக் காயில்! உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். பஞ்சு நனைந்திருக்கும் வரை ஆவி வரும். எங்காவது உலர்ந்துவிட்டால் பஞ்சே கருகும். அந்தப் புகை தொண்டையில் பட்டால், அடிப்பிடித்த பாலைக் குடித்ததுபோல் நாள் முழுக்க நாக்கில் நிற்கும். புதுக் காயிலின் பக்கத் துளைகளில் தெரியும் வெள்ளைப் பஞ்சில் சில சொட்டுகள் விட்டு, பாட்டை நிரப்பி, பத்து நிமிடம் காத்திருந்துதான் இழுக்கிறேன். அப்படியும் இனிப்புச் சுவைத் திரவம் என்றால் கம்பியில் பழுப்புப் பொருக்கு கட்டி, சில நாளிலேயே சுவை கெடுகிறது. கடையில் கேட்டால், "காயில் தேயத்தான் செய்யும்" என்கிறார்கள். எப்போது தேயும் என்பதைக் கருவியில் ஒரு விளக்கு காட்டக்கூடாதா? பேட்டரிக்கு மட்டும் மூன்று நிறத்தில் விளக்கு வைக்கத் தெரிகிறதே!

கசிவு இன்னொரு தொல்லை. ஆவி குளிர்ந்து பாட்டின் அடியில் துளித்துளியாகத் தேங்குகிறது. கழற்றினால் மின்சாரம் பாயும் உலோக முனைகளில் பிசுபிசுப்பு. துடைக்காமல் விட்டால் இழுவையை உணரும் சென்சாருக்குள் இறங்கி, நாம் இழுக்காமலே காயில் சூடாகத் தொடங்கும் அல்லது கருவி ஊமையாகிவிடும். தொட்டியின் கொள்ளளவு 2 மில்லிதான். அதற்கு மேல் சட்டம் இடம் தராது. நாளெல்லாம் சிகரெட் பிடித்தவருக்கு வெளியே போகும்போது சிறு பாட்டிலும் கூடவே வர வேண்டும்.

மற்றவை? சிகரெட் உருவத்திலேயே வரும் மெல்லிய கருவிகளில் பேட்டரி கடுகளவு. ஆசையைத் தணிக்கும் அளவுக்கு ஆவி வராது. பெரிய பெட்டிக் கருவிகளை, ஓம் (காயிலின் மின்தடை), வாட் (அதற்குப் போகும் மின்திறன்) எல்லாம் விளங்கும் வரை ஒதுக்கிவைப்பதே நல்லது. அவற்றில் பலவற்றில் வரும், 18650 எனப்படும் கழற்றக்கூடிய உருளை பேட்டரியை உறையில்லாமல் சாவியோடும் சில்லறையோடும் பையில் போட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம். திரவம் நிரப்பியே விற்கும் பாட்களில் சுவைக்கு அந்த நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டும். மில்லிக் கணக்கில் பார்த்தால் விலையும் அதிகம்.

எதை வாங்கினாலும் ஊருக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்தியாவில் 2019 சட்டப்படி இவற்றின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் வைத்திருப்பதே குற்றம். சென்னையில் இறங்கியதும் பழைய பெட்டிக்கடை கண்ணில் படும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

செலவு, சுவை, நிக்கோடின் அளவை விருப்பம்போல் குறைக்கும் வசதி என எதைப் பார்த்தாலும் என் கருவிதான் மேல். இருந்தும் மைத்துனரை அதை வாங்க வேண்டாம் என்றேன். விட்டுப் பத்து நாள்கூட ஆகாத ஒருவருக்குக் கருகிய இழுப்பு ஒன்று கிடைத்தால், அடுத்த நிமிடம் மூலைக்கடையில் சிகரெட் பாக்கெட்டோடு நிற்பார். நிரப்பிய பாட் என்றால் தீர்ந்ததும் காயிலோடு சேர்த்துக் கழற்றிவிட்டு அடுத்ததைச் செருகலாம். விலை கூடுதல்தான், இந்த முதல் சில மாதங்களுக்குக் கொடுக்கட்டும். அதற்கும் முன்பாக கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) புகைநிறுத்த உதவிச் சேவையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். சில பகுதிகளில் தொடக்கக் கருவியை இலவசமாகவே தருகிறார்கள்.